தலை குனிந்து நின்றமைக்கு ஒரு விசாரணை

1986ஆம் ஆண்டின் பனி கொட்டும் மாரிகாலம். ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவில் வோபர்ன் பகுதியில், ஊரை விட்டு வந்த நான்கு ஆண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த அப்பாட்மென்ட் ஒன்றில் நானும் வாழ்ந்துகொண்டிருந்தேன். வயதில் மூத்தவன் நானே. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றை நிர்வகித்தவன். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டபோதிலும், பத்திரிகைகளை வாசித்தே ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டவன். இங்கு அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில், பசை ஒட்டும் இயந்திரத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது.

ஒரு காலை, இரவு வேலைக்காரரிடமிருந்து இயந்திரத்தைப் பொறுப்பேற்றுச் சிறிது நேரமே ஆகியிருந்தது. நான் வருமுன்பே அடுக்கி வைக்கப்பட்டிருந்த பெட்டிகள் எல்லாம் கோணலாக ஒட்டப்பட்டிருந்தன. அந்த நேரம் பார்த்து வந்த சுப்பர்வைசர், அவற்றைக் கண்டதும் அனைவர் முன்னிலையிலும் என்னைப் பார்த்துச் சத்தமிட்டார். நான் வளர்க்கப்பட்ட விதப்படியே நின்றேன். கைகளைக் கட்டி, கண்களை நிலத்தில் வைத்து, ஒரு சொல்லும் பேசாமல் நின்றேன். கோபம் தணிந்ததும் அவர் என்ன நடந்தது என்று கேட்பார், அப்போது விளக்கலாம் என்பது என் எண்ணம். ஊரில் அதுவே வழக்கம். இங்கோ இரண்டாவது முறை எவரும் கேட்கவில்லை. என் மௌனத்தைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்து, அன்றே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

வேலையற்றோருக்கான அரசாங்கக் காப்புறுதிப் பணத்துக்கு விண்ணப்பித்தேன். யூ.ஐ.சி. என்றே நாங்கள் அதைச் சொல்வோம். நேர்முக விசாரணைக்கு வரும்படி அழைத்தார்கள். என் கவனக்குறைவினால் நட்டம் ஏற்பட்டதாகவும், அதை நான் மறுக்கவில்லை என்றும் தொழிற்சாலை அறிவித்திருந்தது. அந்தக் கூற்று நின்றால் பணம் மறுக்கப்படும். பணம் மறுக்கப்பட்டால் வெல்ஃபெயர் என்ற அரசாங்க உதவிப்பணத்தை நாட வேண்டும். வெல்ஃபெயர் எடுப்பவர் தம் குடும்பத்தை அழைப்பிக்க முடியாது என்பது அக்காலத்தில் எங்களிடையே இருந்த பேச்சு. என் மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில் ஓர் அறையில் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். ஆயினும் நான் கலங்கவில்லை. உண்மை என் பக்கம் இருந்தது. அதை எடுத்துச் சொல்லப் பழகுவது மட்டுமே மிச்சம்.

எங்களுடன் இருந்த இளைஞர் ஒருவர், உணவகத்தில் கோப்பை கழுவுபவர், முந்திய வருடம் இப்படியான விசாரணை ஒன்றுக்குப் போய்த் தோற்றுத் திரும்பியவர். காரணத்தையும் அவரே சொன்னார்.

"அந்த ஒஃபிசர் மனிசி கேட்ட எல்லாத்துக்கும் யெஸ் எண்டிட்டன் அண்ணை. மூஞ்சைக்கு நேரை இல்லை எண்டு சொல்ல மரியாதை இல்லாத மாதிரிக் கிடந்தது."

அந்த அனுபவமே தகுதியாக, எனக்கு அதிகாரி வேடம் போட முன்வந்தார். பால்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் ஏறி அமர்ந்து, இன்னொருவரின் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு, ஏன் வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்று அதட்டினார். நான் ஒழுங்காகவே விடை சொன்னேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கார்ப்பெட்டே அண்ணை உங்களுக்குக் காசு தரப்போகுது? என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

பார்த்தேன்.

"உது முறைக்கிறது. உப்பிடிப் பாத்தியளெண்டால் மனிசி பொலிசைக் கூப்பிட்டிடுவா."

சமையலறையில் கறி கிண்டிக்கொண்டிருந்தவர் அகப்பையும் கையுமாக வந்து நின்று சிரித்தார். பல மாலைகள் இப்படியே கழிந்தன. நான் கழுத்துப்பட்டி கட்டிப் போகப்போவதாகச் சொன்னதும், வேலை போனவன் மாதிரிப் போகாமல் மாப்பிள்ளை மாதிரிப் போகிறேன் என்று கேலி செய்தார்கள். கட்டிக்கொண்டே போனேன்.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார். என் ஆங்கிலமே போதும் என்றேன். அத்தனை மாலைகள் பழகிய பார்வையோடு நான் ஆயத்தமாக அமர்ந்திருக்க, அவரோ தலையை நிமிர்த்தவே இல்லை. எழுதிக்கொண்டே கேட்டார். நான் அவருடைய தலைமயிரின் வகிட்டைப் பார்த்தபடி, எப்போது வேலைக்கு வந்தேன், எனக்கு முன் இயந்திரத்தில் யார் நின்றார் என்பவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு, பால்பெட்டியில் இருந்தவர் ஒருநாளும் கேட்டிராத கேள்வியை அவர் கேட்டார். தவறு என்னுடையதல்ல என்றால் அதை அன்றே ஏன் சொல்லவில்லை?

நான் சொன்னேன்: "மேடம், கோபமாக இருக்கும் மேலதிகாரியின் முன் பேசாமல் நிற்பது எங்கள் வழக்கம். நான் அவருக்குக் கொடுத்தது மரியாதை. குற்றத்தை நான் ஏற்கவில்லை."

பேனா நின்றது. அப்போதுதான் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் கண்களைத் தாழ்த்தவில்லை.

என் முன்னாலேயே அவர் தொழிற்சாலைக்குத் தொலைபேசினார். இந்த மனிதர் வருமுன் அந்த இயந்திரத்தில் செய்யப்பட்ட பெட்டிகளை யாராவது பார்த்தார்களா என்று ஒரேயொரு கேள்வி கேட்டார். மறுமுனையில் மிக நீண்ட விடை வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டு முடித்து, ரிசீவரை வைத்துவிட்டு, எவரும் பார்க்கவில்லையாம், என் பணம் மறுக்கப்படாது என்றார். கதவருகே என்னை வழியனுப்பும்போது, அடுத்த முறை அதே இடத்தில் சொல்லிவிடுங்கள் என்று மென்மையாகக் கூறினார்.

வீட்டுக்குத் திரும்பியதும் அந்த இளைஞர் கேட்ட முதற்கேள்வி, "கண்ணைப் பாத்தனீங்களோ அண்ணை?" என்பதே. பார்த்தேன் என்றேன். பின்பு அந்தப் பால்பெட்டியில் நான் ஏறி அமர்ந்தேன்.

"தம்பி, இனி நான்தான் ஒஃபிசர். நீர் நோ சொல்லிப் பழகும்."

முதல் கேள்விக்கே அவர் யெஸ் என்றார். வீடே சிரித்தது.

வசந்தத்தில் எனக்கு வேறு வேலை கிடைத்தது. அடுத்த மாரிக்கு முன் என் குடும்பமும் வந்து சேர்ந்தது. இன்றும் எவரேனும் என்மீது குரலை உயர்த்தினால் என் கண்கள் தாமாகவே நிலத்தைத் தேடுகின்றன. சொல்ல வேண்டியதை அவருடைய முகம் பார்த்துச் சொல்லி முடித்த பின்னரே, அவற்றை நிலத்துக்குப் போக விடுகிறேன்.