வக்கீல் கேட்ட சத்தியம்

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். அப்பாவை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று ஒரு பயம். அந்த வக்கீலின் பிள்ளைகள் பாளையங்கோட்டையில் நல்லபடியாக இருக்கிறார்களே என்று இன்னொரு பயம். கர்த்தர்பேரில் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

சக்கரவர்த்திக்கு முடிசூட்டினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மிட்டாய் கொடுத்த வருஷம் அது. நான் எட்டு வயசுப் பெண். எங்களுக்கு ஆற்றுக்கால் பாசனத்தில் ஒரு வயல். பக்கத்து வயல்காரர் மடையை அடைத்துவிட்டார் என்று அப்பா கோர்ட்டுக்குப் போனார். சாட்சி வராததால் வழக்குத் தோற்றது.

"சாட்சியைக் கூட்டிட்டு வாரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றார் வக்கீல். ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றார் அப்பா. வேலையை ஒழுங்காகச் செய்யாதவருக்கு மீதிப் பீஸ் எதற்கு என்பது அப்பாவின் கட்சி. மீதி வராமல், வழக்குக்காக வாங்கிவைத்த வயல் பத்திரத்தைத் தர மாட்டேன் என்பது வக்கீல் கட்சி. பத்திரம் கையில் இல்லாமல் விதைப்புக்கு யாரும் கடன் தர மாட்டார்கள்.

கடைசியில் வக்கீலே ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் சைவர். அவர்களுக்குள் இப்படிப் பேச்சு வந்தால் சாமி முன்னால் கற்பூரத்தை ஏற்றி, அதை அணைத்துச் சத்தியம் பண்ணுவார்கள், அத்தோடு தீர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்துக்கு எங்கள் சபைக் கோயில் வாசலில் வில்வண்டியில் வந்து இறங்கினார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் எங்கள் பத்திரம்.

"உம்ம வேதப்புஸ்தகத்துல கையை வச்சு, வக்கீல் எங்கிட்ட சொல்லலைன்னு சொல்லும் வே. பாக்கியும் வேண்டாம், பத்திரத்தையும் இங்கனயே தாரேன்."

எனக்கு ஒரே சந்தோஷம். கையை வைத்தால் போதும், வயல் வந்துவிடும். அப்பாவோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சத்தியமே பண்ணக் கூடாதுன்னு எங்க வேதத்துலயே சொல்லியிருக்குய்யா. நான் சொன்னதுதான் சொன்னது. உங்களையும் பண்ணச் சொல்ல மாட்டேன்."

"கோர்ட்டுல நம்ம ஆளுக பண்ணுதாங்களே, தோஷமில்ல" என்று சபையை நடத்துகிற உபதேசியார் பைய எடுத்துச் சொல்லிப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர், "நெசமா இருந்தா அடிச்சுச் சொல்ல வேண்டியதுதான அண்ணாச்சி! கை நடுங்குதோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நான் வக்கீலைப் பார்த்தேன். ஜெயித்தவர் அவர்தானே, அவருக்கு ஏன் அப்படி வேர்த்தது? திருநீறு கரைந்து புருவத்தில் இறங்கியது. அப்பாவை ஒட்டி வந்து நின்றார். வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் கேட்டது.

"ஒரு வார்த்தைதான வே. சொல்லிட்டு வாங்கிட்டுப் போயிரும். என்னைச் சங்கடப்படுத்தாதேயும்."

"நீங்க கேட்ட பணம் வந்துரும் ஐயா" என்றார் அப்பா.

மறுநாள் எங்கள் கறவை எருமையை யாரோ விலை பேசி ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பணம் வக்கீலுக்குப் போயிற்று. பத்திரத்தைக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிடாமல் அவரே கொண்டுவந்தார், வண்டியில்லாமல் நடந்தே. அம்மா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். அதற்குமுன் எங்கள் வீட்டில் அவர் கைநனைத்ததில்லை. அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்கால ஜெபத்தில் அப்பா அந்த வக்கீலுக்காகவும் ஜெபித்தார். அம்மா ஆமென் சொல்லவில்லை.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சத்தியம் பண்ணாததால் அப்பாதான் பொய் சொன்னாரோ என்று நினைத்தேன். அப்படியானால் வக்கீல் ஏன் கும்பிட்டார்? பொய் அவருடையது என்றால் பணத்தை ஏன் வாங்கினார்? யாருமே பொய் சொல்லாமல், இரண்டுபேரில் ஒருவர் மறந்துபோனாரோ? இன்றைக்கும் பாதிதான் விளங்குகிறது. அம்மாவுக்கு ஆமென் வராததுமட்டும், நானே ஒரு குடும்பத்தை நடத்தின பிறகு விளங்கிற்று.

இதை நீங்கள் யாருக்காவது சொன்னால், வக்கீல் மனந்திரும்பிப் பணத்தைத் திருப்பித் தந்தார் என்று கூட்டிச் சொல்லாதீர்கள். எங்கள் சபையிலேயே சிலர் அப்படிச் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவர் வாங்கிக்கொண்டுதான் போனார். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் மோர் கிடையாது. அதையும் விடாமல் சொல்லுங்கள்.