மண்ணெண்ணெயில் ஓடாத வண்டி

வாகனம் வாங்கப் போன இடத்தில் நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும். கண்டிக்குக் கிட்ட அக்குறணையில் வாகனம் விற்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், எல்லாருக்கும் ‘நானா’, ஒரே சாயலில் இரண்டு சின்ன ஜீப் கார்களைக் காட்டினார். ஒன்று பெற்றோல், முன்சில்லு மட்டும் இழுக்கும். மற்றது டீசல், நான்கு சில்லும் இழுக்கும். நான் பெற்றோல் வண்டியின் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, “நானா, இது மண்ணெண்ணெயில ஓடுமோ?” என்றேன்.

சிரிக்காதீர்கள். யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் போனபோது, காபரேற்றரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகிய சனம் நாங்கள். இடமாற்றமாகிக் கண்டிக்கு வந்தும் அந்தப் புத்தி போகவில்லை. மலையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் மதகுதான்.

நானாவும் சிரிக்கவில்லை. “செக் பொயின்ற்ல ஒங்கட யாழ்ப்பாண அடையாள அட்டையப் பாத்து, வண்டியில மண்ணெண்ண வாசமும் வந்தா ஆமிக்காரன் என்ன நெனப்பான் சேர்? வீடு எங்க ஈக்கிது?”

கலஹா ரோட்டுக்குக் கீழே, பள்ளத்தில் என்றேன். மனைவிக்கு எட்டாம் மாதம், பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வண்டி என்பதையும் சொன்னேன்.

“அப்ப எது நல்லதுண்டு நான் சொல்லத் தேவல்ல. ஒங்கட ரோடு சொல்லும்.”

மறுநாள் மழையோடு மழையாக, தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு இரண்டு வண்டிகளையும் எங்கள் வாசலுக்கே கொண்டுவந்தார். திரும்பி ஏறும்போது பெற்றோல் வண்டி பாதி ஏற்றத்தில் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் பின்னால் வழுக்கியது. டீசல் வண்டி உரல் இடிக்கிற மாதிரிச் சத்தத்தோடு ரோட்டில் போய் நின்றது. குடையோடு நின்ற மனைவி, “சத்தம் கிடக்கட்டும். இதையே எடுங்கோ” என்றாள்.

எடுத்தேன். ஆனால் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். டீசலோடு கலந்தாலும் ஓடும்தானே என்று ஒரு கேன் மண்ணெண்ணெயை வண்டியின் பின்னால் சாக்கால் மூடி வைத்தேன். மனைவிக்கும் சொல்லவில்லை. அடுத்த மாதம் எஞ்சின் ஒயில் மாற்ற வண்டியை ஒருநாள் நானாவிடம் விட்டு எடுத்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, கொட்டும் மழை மத்தியானத்தில் வலி வந்தது. ஏற்றத்தில் வண்டி ஒருமுறைகூடச் சறுக்கவில்லை. பேராதனைக்குக் கிட்ட செக் பொயின்ற்றில் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். என் அட்டையைப் பார்த்த ஆமிக்காரன் பின்கதவைத் திறக்கச் சொன்னான். அப்போதுதான் கேன் நினைவுக்கு வந்தது. திறந்தேன். அவன் சாக்கைத் தூக்கினான். கீழே ஒன்றுமில்லை. மனைவியின் முனகல் கேட்டு, போ போ என்று கையைக் காட்டினான். எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது.

மகள் பிறந்த மூன்றாம் நாள் கற்கண்டோடு அக்குறணைக்குப் போனேன். நானாவின் மேசைக்குக் கீழே என் கேன்.

“ஏன் நானா அண்டைக்கே சொல்லேல்லை?”

“சொன்னா திருப்பி வெச்சிருப்பீங்க.”

உண்மைதான். நன்றி சொல்ல வாயெடுத்தேன்; அழுகைதான் வந்தது. அவர் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, “கேன் இங்கேயே ஈக்கட்டும். மகளோட ஊருக்குப் போற நாளையில வந்து எடுங்க” என்றார்.

சில வருடம் கழித்து, யுத்தம் ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்து முதன்முறை புறப்பட்டபோது அக்குறணையில் வண்டியை நிறுத்தினேன். நானா கேனை மண்ணெண்ணெய் வாசமே இல்லாமல் கழுவித் துடைத்து, வழிக்குக் குடிதண்ணீர் நிரப்பி மகளின் கையில் கொடுத்தார்.