நிழலுக்குத் தள்ளிய சைக்கிள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு சித்திரை. புதிதாக வாங்கிய சீமைச் சைக்கிளை அன்னூர்ச் சந்தையில் நிறுத்தியிருந்தேன். திருடன் நகர்த்தினால் அலறும்படி சக்கரத்தில் ஒரு மணியைப் பூட்டியிருந்தேன்.

மணி அலறியது. ஓடிப்போய், சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்த பண்ணையாளை முதலில் அறைந்தவன் நான்தான்.

"வெயில்ல ட்யூப்பு வெடிச்சுப்போயிருமுங்க சாமி. நெழலுக்குத் தள்ளுனனுங்க" என்றார்.

சைக்கிள் புளியமரத்தை நோக்கித்தான் நின்றது. அவர் சொன்னது உண்மை என்று தெரிந்துவிட்டது. அதற்குள் கூட்டம் சூழ்ந்தது.

"நீ தொட்ட வண்டிய இனி ஆருடா ஓட்டறது?" என்று ஒருவர் தடியை ஓங்கினார்.

"அவர் திருடவில்லை" என்று நான் தடுத்திருக்கலாம். அடித்த பிறகு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

கூட்டம் அடித்த அடியில், மூன்றாம் நாள் அந்தப் பண்ணையாள் இறந்துபோனார். பத்திரிகை நிருபரான நானே செய்தி எழுதினேன். அதில் அவரைத் திருடன் என்றுதான் குறிப்பிட்டேன். பெயரைக்கூட விசாரிக்கவில்லை.