அறுபத்தொரு குழாய்கள்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களை நிறையக் கண்டிருப்போம். மடவளை ஊர் நஸ்லியா பிடித்த முயலுக்கு நாலு கால்தான். ஊரே திரண்டு மூன்று என்றாலும் நாலுதான். தவணைப் பரீட்சையில் டீச்சர் இரண்டு புள்ளி கூடப் போட்டுவிட்டார் என்று தானே எழும்பிப் போய்ச் சொல்லி, கைக்கு வந்த முதலாம் இடத்தைத் தொலைத்தவள். வாப்பா முனாப் அன்றைக்குத் தலையில் கை வைத்தார்.

அப்படிப்பட்டவளைத்தான் கண்டியில் ஓர் ஆய்வுகூடம் எண்ணுகிற வேலைக்கு எடுத்தது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க் கட்டிகளில் எத்தனை குருதிக்குழாய்கள் முளைத்திருக்கின்றன என்று பார்க்கும் ஆய்வு. கட்டி வளர இரத்தம் வேண்டும், இரத்தம் வரக் குழாய் வேண்டும். சாயமேற்றிய கண்ணாடித் தகட்டை நுணுக்குக்காட்டியில் வைத்தால் குழாய்கள் கபில நிறத்தில் தெரியும். அவை மிக நெருக்கமாக இருக்கும் மூன்று இடங்களைத் தேடி எண்ணிச் சராசரி எழுத வேண்டும். நோய் எந்தக் கட்டத்தில் என்று எண்ணுபவருக்குத் தெரியக்கூடாது என்பதால், தகட்டின் லேபல் பிளாஸ்டரால் மறைக்கப்பட்டே அவள் கைக்கு வரும்.

பதினேழாம் தகட்டுக்கு அவள் அறுபத்தொன்று எழுதினாள். ஆய்வுக்குப் பொறுப்பான டொக்டர் நிரஞ்சன் பிளாஸ்டரை உரித்துப் பார்த்தார். ஆரம்பக் கட்டம். அதற்கு இருபதைத் தாண்டாது என்று அவர் கட்டுரையை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்.

"இது சரிவராது, நஸ்லியா. குழாய் குறைஞ்ச இடமாப் பார்த்துத் திருப்பி எண்ணுங்கோ."

மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. நீடிப்புக் கடிதத்தில் அவர்தான் கையெழுத்து வைக்க வேண்டும். அதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. எங்கோ ஒரு பெண் தன் கட்டியை ஆய்வுக்கு எடுக்கச் சம்மதித்திருக்கிறாள். அவள் உடம்பைப் பற்றிப் பொய் எழுதுவதா?

"மாட்டேன் டொக்டர். எங்க கூட இருக்கோ அங்கதான் எண்ணணும்டு நீங்கதான் சொல்லித் தந்தீங்க. லேபலப் பாத்துட்டு எண்ணினா அது எண்ணிக்கை இல்ல."

சொன்னதோடு விடவில்லை. பதினேழோடு இன்னும் நாலு தகடுகளை எடுத்து, எல்லா லேபலையும் மறைத்து, கலைத்து அவர் முன்னே வைத்து, நீங்களே எண்ணுங்கள் என்றாள். தற்காலிக ஊழியர் ஒருத்தி மூத்த டொக்டரிடம் அப்படிச் சொல்லலாமா? சொல்லிவிட்டாள். அவள் தவறைக் காட்டிவிடும் வீறாப்பில் அவரும் உட்கார்ந்து எண்ணினார். ஐந்தையும் முடித்துப் பிளாஸ்டரை உரித்தபோது, பதினேழுக்கு அவர் கைப்பட எழுதியிருந்தது அறுபத்துநான்கு.

நிரஞ்சன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் மூண்டு கூட எண்ணிப்போட்டன் போல," என்றார்.

"இல்ல டொக்டர், நான்தான் மூணு கொறயா எண்ணியிருப்பேன்," என்றாள் நஸ்லியா. "உங்கட அறுபத்துநால எழுதுங்க. என்ட அறுபத்தொண்ணையும் அழிக்காதீங்க. கடிதத்துல கையெழுத்து வைக்கிறதும் வைக்காததும் உங்கட விருப்பம்."