நான்காவது குறுக்குத் தெருத் தண்ணீர்

ஐரின் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் இருந்த ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினாறு வருடமாக வேலை பார்த்தவர். சொந்த ஊர் வடமதுரைப் பக்கம். ஊசி ஏறுவதே தெரியாது என்று சின்னப் பிள்ளைகளை அவரிடம்தான் கூட்டி வருவார்கள். ஆனால் ரிசல்ட்டைப் பற்றி அவர் வாய் திறக்க மாட்டார். எண்கள் எவ்வளவு மோசமாக இருந்தாலும் தாளை மடித்து உறையில் போட்டு, டாக்டரிடம் காட்டுங்கள் என்பதோடு சரி. வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணிடம் ஏதோ சொல்லப்போய், அவள் அங்கேயே மயங்கி விழுந்ததிலிருந்து இப்படி.

ரத்தத்தை மெஷினில் சுற்றினால் மேலே தெளிந்து நிற்கும் நீர் வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். மார்ச் கடைசியில் ஒரு லாரி டிரைவரின் ரத்தத்தில் அது மஞ்சள்தூளைக் கரைத்ததுபோல் நின்றது. மறுநாள் இன்னும் இரண்டு பேர். ஒரு வாரத்தில் ஏழு பேர் ஆனார்கள். கோடையில் காமாலை வருவதுதான் என்றார் நிலையத்தை நடத்திய டாக்டர். ஐரினுக்கு மனசு கேட்கவில்லை. பதிவேட்டைப் புரட்டினார். ஏழு பேரில் ஐந்து பேருக்கு ஒரே முகவரி: நான்காவது குறுக்குத் தெரு.

அந்த முகவரிகளை எழுதியவள் வரவேற்பு மேசையில் இருந்த புவனேஸ்வரி. அவளும் அதே தெருதான். ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

சாக்கடை கலந்த தண்ணீரால் வரும் இந்த வகைக் காமாலை பெரும்பாலும் ஒரு மாதத்தில் தானே இறங்கிவிடும் என்று ஐரின் படித்திருந்தார். நிறைமாதத்தை நெருங்கும் பெண்களுக்கு மட்டும் அது வேறு மாதிரி. ஈரலையே தின்றுவிடும். பதினாறு வருடத்தில் அப்படி இரண்டு பேரின் ரத்தம் அவர் கைக்கு வந்திருந்தது. இருவருமே பிழைக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் புவனேஸ்வரியிடம் தண்ணீரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார். அவள் கவலையே படவில்லை.

"குடிக்கிறதுக்கு கேன் தண்ணிதானக்கா வாங்குறோம்."

"பல்லு வெளக்குறது?"

"அது குழாத்தண்ணி."

"தட்டு கழுவுறது, வெஞ்சனத்துக்கு காய் கழுவுறது?"

புவனேஸ்வரி டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

அந்தத் தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். அடுத்த முறை வந்த காலையில் ஐரின் ஆறு மணிக்கே போய்விட்டார். வால்வு திறக்கிற ஈஸ்வரன் தெருமுனையில் நின்றிருந்தார். மேற்குப் பக்க வீடுகளுக்கான குழாய் சாக்கடைக்குள்ளேயே கிடந்தது. ஓரிடத்தில் சாக்கடை நீர் கொப்பளித்தது. அங்கே குழாய் கசிகிறது, மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று என்று ஈஸ்வரன் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் வீடு வீடாக மோட்டார் ஓடத் தொடங்கியது. குழாயிலேயே நேரடியாக மாட்டி உறிஞ்சுகிற மோட்டார்கள். கொப்பளிப்பு தணிந்து நின்றது. பிறகு அதே இடத்தில் கறுப்பு நீர் மெதுவாகச் சுழிக்க ஆரம்பித்தது. மேலே மிதந்த ஒரு பால் கவர் சுற்றிச் சுற்றிச் சுழியின் நடுவுக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"அம்புட்டு பேரும் ஒண்ணா இழுத்தா குழாய்ல தண்ணி ஏதும்மா?" என்றார் ஈஸ்வரன். "பக்கத்துல கெடக்குறதத்தான் இழுக்கும்."

ஐரின் அன்று தன் வழக்கத்தை விட்டுவிட்டார். ஒவ்வொரு வீடாக ஏறி, யார் யாருக்கு என்ன வந்திருக்கிறது, எதனால் வந்திருக்கிறது என்று சொன்னார். மோட்டாரை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் ஒரு குடம்கூட வராது என்றார்கள். வாடகைக்கு வீடு விட்டிருந்த ஒருவர், தெருவின் பேரைக் கெடுக்கத்தான் காலங்காத்தாலே வந்தாயா என்று கேட்டார். மாநகராட்சி அலுவலகத்தில் அவர் கொடுத்த மனுவை வாங்கிக்கொண்டு, பத்து நாளில் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

புவனேஸ்வரி மட்டும் பயந்துபோனாள். அன்றிலிருந்து வாய் கொப்பளிப்பதுகூட காய்ச்சிய தண்ணீரில்தான். ஆனால் அந்தக் கிருமி உடம்புக்குள் போனால் வெளியே தெரிய ஐந்தாறு வாரம் ஆகும். அதை ஐரின் அவளிடம் சொல்லவில்லை. தினமும் அவள் உள்ளே வரும்போது கண்ணின் வெள்ளையைப் பார்ப்பார். ஒரு வாரம் போயிற்று. இரண்டு, மூன்று வாரமும் போயின. நாலாவது வாரம் திங்கட்கிழமை, டீ வாசனையே பிடிக்கவில்லை, குமட்டுகிறது என்று புவனேஸ்வரி சொன்னாள். மசக்கைதான் திரும்பி வந்துவிட்டதோ என்று சிரித்தாள்.

ஐரின் அவளை உட்கார வைத்து ரத்தம் எடுத்தார். மெஷின் ஐந்து நிமிடம் சுற்றியது. அது நின்ற பிறகும் மூடியைத் திறக்கச் செத்த நேரம் ஆயிற்று அவருக்கு. உள்ளே மஞ்சள்.

தாளை மடிக்கவும் இல்லை, உறையில் போடவும் இல்லை.

"புவனா, இப்பவே மதுரைக்குப் போறோம். மணிமாறனுக்கு நான் சொல்றேன்."

மணிமாறன் அவள் கணவன். வாடகைக் காரில் முன்னால் உட்கார்ந்து வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். மூன்றாம் நாள் குழந்தை பிறந்தது. பெண். அன்று மாலைவரைகூட இருக்கவில்லை. மறுநாள் புவனேஸ்வரிக்கு நினைவு தப்பியது. இரண்டு நாள் அப்படியே கிடந்தாள். மூன்றாம் நாள் கண் திறந்து, யாரையும் எதையும் கேட்காமல் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தது ஐரின்தான்.

அந்த வாரம் சாக்கடையைத் தோண்டினார்கள். குழாய் இணைப்பில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். யாரோ எப்போதோ சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஐந்து மீட்டர் குழாயை வெட்டி எடுத்துப் புதுசு போட்டு மூடினார்கள்.

மணிமாறன் மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டான். அடுத்த இரண்டு முறையும் அவர்கள் வீட்டுக் குழாயில் காற்றுதான் வந்தது. மற்ற வீடுகளில் மோட்டார் ஓடியது. அவர்கள் தெருவில் போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு.

ஜூன் மாதம் ஒரு காலை ஐரின் பார்க்கப் போனபோது புவனேஸ்வரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பின்பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. மணிமாறன் டிரம்முக்குள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஐரினைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"புது பைப்பு போட்டாச்சுல்லக்கா," என்றாள் புவனேஸ்வரி. "இனி ஒண்ணும் செய்யாதுல்ல?"

புதுசு ஐந்து மீட்டர்தான். மீதிக் குழாய் எல்லாம் அதே சாக்கடையில், முப்பது வருடப் பழசு. ஐரின் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காய்ச்சாம எதுக்கும் எடுக்காத," என்றார்.