தீனமில்லாத தீனக்காரி

மயிலாடியில் சிலைப் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணனுக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் முடிந்து அவன் தேறிய பிறகு, டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். துணைக்கு வந்திருந்த சித்தப்பா முந்திக்கொண்டார்.

"எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் கெடையாது டாக்டர்."

"உங்க அப்பா எப்படி இறந்தாரு?"

"அது வயித்துக்கடுப்பு."

"அண்ணன், அதாவது இவங்க அப்பா?"

"சோறு எறங்காமப் போச்சு. அவ்வளவுதான்."

"கூடப்பிறந்த பெண்கள்?"

"அக்காளுக்குக் கர்ப்பப்பையில ஏதோ கட்டி. அது பொம்பளைங்க சமாச்சாரம்லா!"

டாக்டரம்மா அதற்குமேல் கேட்கவில்லை. எனக்கும் அண்ணனுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். இருவருக்கும் அப்பா வழியாக ஒரு பழுதான மரபணு வந்திருந்தது. "உங்களுக்கு இப்ப நோய் இல்லை. வர வாய்ப்பு அதிகம். வருஷாவருஷம் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்போம், கர்ப்பப்பையையும் பார்ப்போம். ஏதாவது முளைத்தால் சின்னதிலேயே எடுத்துவிடலாம்" என்றார் என்னிடம்.

எங்கள் ஊரில் நோய்க்குத் தீனம் என்று பெயர். எனக்குத் தீனம் என்ற செய்தி நான் வீடு வருவதற்குள் வந்துவிட்டது. ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் கொல்லையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தவள், செதிள் ஒட்டிய கையோடு வந்து கதவைத் திறந்தால், வந்தவர்கள் முகத்தில் ஓர் ஏமாற்றம்.

"நீ படுக்கையில கெடக்கலியா மக்கா?"

"எனக்கு ஒண்ணுமில்லை மாமி. வராம இருக்கத்தான் பாக்குறாங்க."

"பாவம், இவகிட்ட சொல்லாம மறைச்சிருக்கானுவ" என்று பக்கத்து வீட்டு மாமி என் கணவரிடம் கண்கலங்கினார். ஹார்லிக்ஸைத் திருப்பி எடுத்துப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டபோது தலைமையாசிரியருக்குக் குழப்பம். "நோயே இல்லாம எதுக்கு டீச்சர் மெடிக்கல் லீவு? வராம இருக்கணும்னு பாத்தா நாங்க எல்லாருமே லீவுல போகணுமே!" கடைசியில் 'சொந்த வேலை' என்று எழுதச் சொன்னார். குடலைவிடச் சொந்தமான வேலை எது? எழுதிக் கொடுத்தேன்.

பரிசோதனைகூடப் பரவாயில்லை, மயக்கத்தில் நடந்துவிடும். முந்தின நாள் வயிற்றைக் காலிசெய்யக் குடிக்கும் மருந்துத் தண்ணீர்தான் கொடுமை. உப்பும் சோப்பும் கலந்த எலுமிச்சை ஜூஸ் மாதிரி ஒன்று, குடம் குடமாக. என் கணவர் பக்கத்து அறையில் ஒளிந்துகொண்டு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்பார். வாசனை ஒளியாது.

மூன்றாவது வருஷம் டாக்டரம்மா சிரிக்கவில்லை. குடலின் மடிப்பில் மிளகளவு முளை ஒன்று இருந்ததாம். குழாய் வழியாகவே அறுத்தெடுத்து லேபுக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று கூப்பிட்டு, "புற்றாக மாறத் தொடங்கிய நேரம். முழுசா எடுத்தாச்சு. விட்டிருந்தா உங்க அண்ணன் பட்டதை நீங்களும் பட்டிருப்பீங்க" என்றார். வரும் வழியில் களியக்காவிளையில் காரை நிறுத்தி, கணவர் டீ வாங்கித் தந்தார். பாதி டீயைச் சேலையில் கொட்டிவிட்டேன். அவர் இன்னொரு டீ சொன்னார்.

ஊரில் இதைச் சொன்னபோது ஒருவரும் ஆரஞ்சு கொண்டுவரவில்லை. "மிளகளவா? இவ்வளவுதானா?" என்றார் அதே மாமி.

அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எதிர் பெஞ்சில் பச்சை அங்கி மாட்டிக்கொண்டு, வெளிறிப்போய், முழங்கால் தெரிய உட்கார்ந்திருந்தவர் சித்தப்பா. பக்கத்தில் அவருடைய மூத்த மகன், அதே அங்கியில். அன்று காலையில்தான் சித்தி போனில், "அப்பனும் மவனும் திற்பரப்பு அருவியில குளிக்கப் போயிருக்காவ" என்று சொல்லியிருந்தாள்.

"சித்தப்பா, நீங்க எங்க இங்க?"

"ஒரு கலியாணத்துக்குத் துணி எடுக்க வந்தோம்" என்றார், அங்கியை முழங்காலுக்குக் கீழே இழுத்துக்கொண்டே.

அதற்குள் நர்ஸ் வந்து, "ரத்த டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்த அப்பாவும் மகனும் யாரு?" என்று சத்தமாகக் கேட்டாள். சித்தப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் மெல்ல, "அந்தத் தண்ணியக் குடிச்சிட்டு எப்படிம்மா வருஷாவருஷம் உயிரோட இருக்க?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று அவர் குடலிலிருந்து இரண்டு முளைகளை எடுத்தார்கள். கெட்டதாக மாறுவதற்கு முன்பே. மகனுக்கு ஒன்றுமில்லை. இப்போது நாங்கள் எல்லோரும் ஒரே காரில் போய்வருகிறோம், அண்ணனும் உண்டு. கல்ஃபில் இருக்கும் சித்தப்பாவின் இளைய மகன் மட்டும் ரத்தம் கொடுக்க மறுக்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் வீடியோ காலில் சித்தப்பா அவனைத் திட்டுவது மூன்றாவது வீடுவரை கேட்கும். "ஆம்பளைக்கு ஒண்ணும் வராதுன்னு ஒனக்கு எவம்லே சொன்னான்?"

அவன் நெட்வொர்க் சரியில்லை என்கிறான். அடுத்த லீவில் வரட்டும், ஆஸ்பத்திரி போகும் அதே காரோடு விமான நிலையத்தில் காத்திருக்கப்போவது நாங்கள்தான்.