கொஞ்சம் நைட்ரேட்

சுகாதார ஆய்வாளர் ஒருவருக்கு ஓட்டல்காரர்கள் வைத்திருந்த பெயர் கைக்குட்டை. சொல்லாமல் கொள்ளாமல் சமையலறைக்குள் நுழைவார். சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை உருவி, குளிர்பெட்டியின் முதுகு, அலமாரியின் அடிப்பாகம் என்று மனிதர் கை படாத இடமாகத் தேடிப் பிடித்துத் துடைப்பார். துணியில் ஒரு கீற்றுக் கறை தெரிந்தால் போதும், முதலாளி முகத்தில் ஈயாடாது. ஈயெல்லாம் அந்த நேரத்தில் சமையலறையில்தான் ஆடிக்கொண்டிருக்கும்.

நல்ல மனிதர். கை நீட்டாதவர், பொய் சொல்லாதவர். இப்படிப்பட்ட நல்லவரோடு ஒரே வீட்டில் காலம் தள்ளுவது எப்படி என்பதை அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும். அந்த அம்மாளுக்குத் தொலைபேசி நிறுவனத்தில் வேலை. பகலெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் புகாரைக் கேட்பார். வீட்டுக்கு வந்தாலும் அதே உத்தியோகம்தான், சம்பளம் மட்டும் கிடையாது. காரணம், வீட்டில் அவருடைய அப்பாவும் இருந்தார்.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தன் மனைவி காலமானபிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். மாமனாருக்கும் மருமகனுக்கும் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். இருவருக்கும் இடையில் மரியாதை இருந்தது. அது முற்றி முற்றிப் பேச்சுவார்த்தையே நின்றுபோய்விட்டது. மூன்று பேரும் ஒரே அறையில் இருப்பார்கள். "மாப்பிள்ளை சாப்பிட்டாரான்னு கேளும்மா" என்பார் பெரியவர். "சாப்பிட்டீங்களா?" என்பார் மகள். "ஆச்சுன்னு சொல்லு" என்பார் கைக்குட்டை, மாமனாரின் காதுக்கு ஒரு முழத்தில் நின்றுகொண்டு. பிறகு மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியில் ரஸ்க் கடித்தபடி உட்கார்வார். மருமகன் கையில் துடைப்பத்தோடு தூள் விழுவதற்காகக் காத்திருப்பார்.

இந்த வீட்டுக்குத்தான் கடல் வந்து சேர்ந்தது.

கைக்குட்டைக்கு இரத்த அழுத்தம். "வீட்ல ஒரு மீன் தொட்டி வைங்க, பாத்துக்கிட்டே இருந்தா மனசு அமைதியாகும்" என்று டாக்டர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். சாதாரணமாக இரண்டு தங்கமீன் வாங்கிவிட்டால் அவர் கைக்குட்டை இல்லையே. கடல்நீர்த் தொட்டி, உயிருள்ள பவளம், பாறை, மணல், கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி என்று ஹாலில் பாதியை வளைத்துப்போட்டார். உப்புக் கரைத்த தண்ணீரையும் பாறையையும் மட்டும் வைத்துக்கொண்டு பல வாரம் காத்திருந்தார். வந்துபோனவர்களெல்லாம் "மீன் எங்கே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குப் பாடம் கேட்டுக்கொண்டு போனார்கள். கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அம்மோனியா. அதைக் கிருமிகள் தின்று நைட்ரைட் ஆக்கும். அதையும் வேறு கிருமிகள் தின்று நைட்ரேட் ஆக்கும். அதற்குமேல் தின்ன ஆளில்லாமல் நைட்ரேட் தண்ணீரிலேயே தங்கிவிடும், நாம்தான் தண்ணீரை மாற்றி இறக்க வேண்டும்.

ஒருவழியாகக் கோமாளி மீன் ஜோடி ஒன்றும், பொத்தான் பொத்தானாகப் பூக்கும் பவளமும் வந்து இறங்கின. மீன் கடை நடத்தும் அம்மாள் கூடவே ஒரு சோதனைப் பெட்டியும் கொடுத்தார். குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கினால் நிறம் வரும். அட்டையில் உள்ள கட்டங்களோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் என்றால் நைட்ரேட் இல்லை. சிவக்கச் சிவக்க ஆபத்து.

"கொஞ்சம் இருந்தா பரவாயில்ல சார், பயப்படாதீங்க" என்றார் கடையம்மா.

கைக்குட்டைக்குச் சுரீரென்றது. "கொஞ்சம் கரப்பான் இருந்தா பரவாயில்லன்னு ஒரு ஓட்டல்காரன் எங்கிட்ட சொன்னா விட்டுருவேனா?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

அன்று மாலை மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "தீனி கொஞ்சமாத்தான் போடணும். எல்லார்கிட்டயும் சொல்லிடு." எல்லாரும் என்றால் வீட்டில் மிச்சம் ஒரே ஆள்தான். மனைவி அப்போது காய் நறுக்கிக்கொண்டிருந்தார், காதில் அன்றைய புகார்கள் இன்னும் ஓய்ந்திருக்கவில்லை. ஹாலை நோக்கிக் குரல் கொடுத்தார்: "அப்பா, மீனுக்குக் கொஞ்சம் தீனி போடணுமாம்!"

பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. மருமகன் வீட்டில் அவரை நம்பி ஒப்படைக்கப்பட்ட முதல் வேலை. மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்பியதும் கைகழுவிவிட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். பஸ் ஓட்டியவருக்குக் கொஞ்சம் என்றால் ஒரு கைப்பிடிதான்.

ஒரு வாரத்தில் சோதனைக் குழாயில் தண்ணீர் பீட்ரூட் சாறுபோலச் சிவந்தது. கைக்குட்டைக்கும் ஏறக்குறைய அதே நிறம் வந்தது. தண்ணீரை மாற்றினார், மறுபடி சிவந்தது. மணலை உறிஞ்சினார், பாறையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். குளியலறை முழுக்க உப்புத்தண்ணீர் வாளி. குளிக்கப் போன மனைவி அவசரத்தில் வாளி மாறி மொண்டு ஊற்றிக்கொண்டு, தலையெல்லாம் பிசுபிசுவென்று வெளியே வந்தார். உப்பு சரியில்லை என்று கைக்குட்டை கடையம்மாவோடு சண்டை போட்டார். குடிநீர் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார். அமைதிக்காக வாங்கிய தொட்டி, அழுத்தத்தை இன்னும் ஏற்றிவிட்டிருந்தது.

மறந்துவிட்ட அடையாள அட்டையை எடுக்க ஒருநாள் பாதிவழியில் திரும்பி வந்தபோதுதான் குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்டார். பெரியவர் தொட்டியின் முன்னால் குனிந்து நின்றிருந்தார்.

"கூச்சப்படாம சாப்பிடுங்கப்பா. நீங்க சாப்பிட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் இருக்கேன்ல?"

இதைக் கேட்டு யாருக்கானாலும் நெஞ்சு இளகியிருக்கும். நம் ஆள் தொட்டிக்குள் தூறிய தீனியைத்தான் பார்த்தார். மாமனாரிடம் அப்போதும் நேராகப் பேசவில்லை. மாலைவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, மனைவி வந்ததும் வெடித்தார். "கொஞ்சமான்னு சொன்னேன்! கொஞ்சமா!"

"நானும் கொஞ்சம்னுதானே சொன்னேன்?"

"கொஞ்சம் வேற, கொஞ்சமா வேற!"

அவர் சொன்னது இலக்கணப்படி சரிதான், அதற்காக அந்த நேரத்தில் யாரும் கைதட்டவில்லை. அவர் தீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பூட்டு விழுந்த சத்தம் பிளாஸ்டிக் நாற்காலிவரை கேட்டது. பெரியவர் ரஸ்க்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அதன்பிறகு வீட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. தொட்டியில் நைட்ரேட் இறங்கியது. பெரியவர், "ஞாயித்துக்கெழம உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டார். தங்கை வீடு வெகுதூரம். போனால் திரும்பி வரப்போவதில்லை என்பது மகளுக்குத் தெரியும். அந்த அம்மாள் அழுதார், முகம் கழுவினார். அதோடு இரு பக்கத்துச் சேதியையும் கடத்துவதில்லை என்று நிறுத்திக்கொண்டார். "லைன் கட்" என்று மட்டும் கணவரிடம் சொன்னார்.

சனிக்கிழமை சோதனைக் குழாயில் வெளிர்மஞ்சள் வந்தது. சுத்தமான பூஜ்யம்! கைக்குட்டை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திரும்பிப் பார்த்தார், காட்ட ஆளில்லை. பிறகு தொட்டியைப் பார்த்தார். பவளம் ஒன்றுகூட விரியவில்லை. சாயம் போன பொத்தான்களாகச் சுருங்கிக் கிடந்தன. மணல்மேல் பழுப்பாக, சளிபோல ஏதோ படர்ந்திருந்தது. அலறிப் புடைத்துக்கொண்டு கடைக்கு ஓடினார்.

கடையம்மா அவர் போனில் எடுத்துப்போன படத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "உங்க தண்ணி பட்டினி கெடக்கு சார். பவளத்துக்கு நைட்ரேட்டும் ஒரு சாப்பாடுதான். ஏறினா கெடுதல், சொட்டுகூட இல்லன்னா சாவு. புதுத் தொட்டியில போயி இப்படி வழிச்சுத் தொடைச்சு வெச்சிருக்கீங்களே! இங்க என்ன ஆபரேஷனா நடக்குது?"

"இப்ப என்ன பண்றது?"

"தண்ணி மாத்துறத நிறுத்துங்க. தீனி போடுங்க. முன்னாடி போட்டதுல கால்வாசி போட்டு, தெனமும் பவளத்தப் பாத்துப் பாத்து ஏத்துங்க. பக்கத்துலயே உக்காந்து பாக்க வீட்ல யாராச்சும் இருக்காங்களா?"

முன்பு போட்ட அளவு தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவரும் அவர்தான். அவர் நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறார். கைக்குட்டை வீட்டுக்கு விரைந்தார்.

வீட்டில் பெரியவர் கட்டில்மேல் பையைத் திறந்து வைத்துச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மனைவி சமையலறையில் இருந்தார். கைக்குட்டை அவரிடம் போய், அப்பாவிடம் பேசச் சொல்லி மெல்லக் கெஞ்சினார். "லைன் கட்டுன்னு சொன்னேன்ல?" என்றார் அவர், கத்தியை வைக்காமலே.

வேறு வழியில்லாமல் கைக்குட்டை பெரியவரின் அறை வாசலில் நின்று, சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "மீனுக்குத் தீனி போடணும்னு கடையில சொல்றாங்க."

பெரியவர் பையிடம் பதில் சொன்னார். "சாவி இருக்கறவங்க போடலாம்."

"எவ்வளவுன்னு தெரியல."

"தெரிஞ்சவங்க போட்டப்போதான் தண்ணி கெட்டுப்போச்சே."

சுவர் இதற்குமேல் உதவாது என்று கைக்குட்டைக்குத் தெரிந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாமா."

பெரியவர் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது.

"தண்ணி ரொம்ப சுத்தமாயிடுச்சு மாமா. சாகப் போகுதாம். கொஞ்சம் அழுக்கு வேணுமாம். நீங்க இருந்தாத்தான்..." என்று தொடங்கியவர், எங்கே போய் நிற்கிறோம் என்று புரிந்து வாயை மூடிக்கொண்டார்.

"ஓஹோ. அழுக்குக்கு நான் வேணுமா?"

சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது. ஆயிரம் சமையலறைகளைக் கலங்கடித்த மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது. கைக்குட்டையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

"தீனிக்காகக் கூப்பிடறீங்களா மாப்பிள்ளை, எனக்காகக் கூப்பிடறீங்களா? நேரா சொல்லுங்க."

அவருக்குப் பொய் வராது, அதுதான் அவர் வாங்கி வந்த வரம். "தீனிக்குத்தான் வந்தேன் மாமா. நெசம். ஆனா வர்ற வழியில நீங்க இல்லாத வீட்ட நெனச்சுப் பாத்தேன். தூள் இல்ல, சத்தம் இல்ல, எல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு. அத நெனச்சா பயமா இருக்கு. போகாதீங்க."

பெரியவர் பழக்கதோஷத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை போக வேணாங்கறாரும்மா."

"எனக்கும் கேட்டுச்சுப்பா. அவருக்கே பதில் சொல்லுங்க." என்றார் மகள்.

பெரியவர் மருமகனை நேராகப் பார்த்தார். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டார், பையை இழுத்து மூடினார்.

"சரி, இருக்கேன். முதல்ல இந்தப் பையத் தூக்கிப் பரண்மேல போடுங்க மாப்பிள்ளை. எனக்கு எட்டாது."

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் மருமகனுக்கு வைத்த முதல் வேலை அது. கைக்குட்டை ஸ்டூலைத் தேடிக்கொண்டு ஓடினார்.